வெற்றி வீதமும் அதன் பகுதியெண்ணும்

விளையாட்டுகளிலே வெற்றி தோல்விகளை எண்ணி வைக்கும் வழக்கம் பழையது. அவ்வெண்ணிக்கையை ஒரே எண்ணாகச் சுருக்கி, அதனைக் கொண்டு அணிகளையும் அணித்தலைவர்களையும் மேலென்றும் கீழென்றும் நிரைப்படுத்தும் வழக்கம் அத்துணைப் பழையதன்று. செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சி வருணனைகளிலும் பெருகிய இவ்வழக்கம் இப்பொழுது நம் பாடசாலைகள் பெரும்போட்டிகளை ஒட்டி வெளியிடும் சிறப்பு மலர்களிலும் புகுந்துவிட்டது. அணித்தலைவர் பெயர், ஆண்டு, 'வெற்றி வீதம்' என மூன்று நிரல்கள் அச்சிடப்படுகின்றன. மூன்றாம் நிரலில் உள்ள எண்ணை வாசகர் ஐயமின்றி ஏற்றுக்கொள்கின்றனர். எண்ணாக இருப்பது உண்மையாகவும் இருக்கும் என்னும் நம்பிக்கை நம்மவரிடையே வலியது.

இவ்வெண் எவ்வாறு பெறப்படுகின்றது, எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். யான் கணிதப் பட்டதாரி அல்லன். ஆசிரியத் தொழிலில் இருந்துகொண்டே வெளிவாரியாகக் கலைப்பட்டம் பெற்றவன். ஆயினும் ஈண்டு வேண்டப்படுவது ஒன்பதாம் வகுப்புக் கணிதத்திற்கு மேற்பட்டதன்று. வகுத்தல் அறிந்த எவரும் தொடர்ந்து வரலாம்.

வென்ற ஆட்டங்களின் தொகையை ஆடிய ஆட்டங்களின் தொகையால் வகுத்து நூறாற் பெருக்கினால் வெற்றி வீதம் கிடைக்கும் என்பது பொதுவான விளக்கம். இவ்விளக்கத்தில் தொகுதியெண் பெரும்பாலும் இடர் தருவதில்லை, வென்றது வென்றதே. இடரெல்லாம் பகுதியெண்ணிலேயே உள்ளது. 'ஆடிய ஆட்டம்' என்பது யாது? மழையால் நின்றது ஆடியதா? இருபக்கமும் சமமாய் முடிந்தது எப்பக்கம் சேரும்? ஐந்து நாள் ஆடியும் முடிவு காணாத ஆட்டம் வெற்றியின்மையா, தோல்வியின்மையா? இவ்வினாக்களுக்கு ஒவ்வொரு விளையாட்டும், சிலவேளை ஒரே விளையாட்டின் இரு வடிவங்களும், வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன.

இக்கணக்கு எளிமையாக அமையும் விளையாட்டு அமெரிக்கரின் பேஸ்போல் ஆகும். அங்கு ஆட்டம் ஒருவர் வெல்லும்வரை நீடிக்கப்படும். ஆதலின் வெற்றியும் தோல்வியும் அன்றி மூன்றாவது முடிவு அரிது. வெற்றியை, வெற்றி தோல்வி இரண்டன் கூட்டுத்தொகையால் வகுத்து, மூன்று தசமதானங்களிற் கூறுவர். அதனைச் 'சதவீதம்' என்று அவர்கள் அழைப்பினும் அது நூறாற் பெருக்கப்படாத வெறும் பின்னமே. 1906ஆம் ஆண்டு சிக்காகோ கப்ஸ் அணி 116 ஆட்டங்களில் வென்று 36இல் தோற்றது; வீதம் .763. 2001ஆம் ஆண்டு சியாற்றில் மரினர்ஸ் அணியும் அதே 116 ஆட்டங்களில் வென்றது, ஆனாற் தோல்வி 46, வீதம்.716. வெற்றிகளை மட்டும் எண்ணுவோர்க்கு இவ்விரு அணிகளும் சமம். வீதம் காண்போர்க்கு அல்ல. வீதம் என்னும் அளவையின் பயன் இத்தகைய இடத்திலேயே விளங்கும்: ஆட்டத்தொகை வேறுபடும்போது ஒப்பிட அது உதவுகின்றது.

உதவும் அதே இடத்தில் அது வழக்கையும் உண்டாக்கும். 1972இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் அப்பருவத்தின் தொடக்க ஆட்டங்கள் சில கைவிடப்பட்டன. அவை பின்னர் ஆடப்படவுமில்லை. இதனால் அணிகள் சமமற்ற தொகையில் ஆட நேர்ந்தது. பருவமுடிவில் டிற்றோயிற் அணி 86 வென்று 70 தோற்றிருந்தது. பொஸ்ரன் அணி 85 வென்று 70 தோற்றிருந்தது. இருவர்க்கும் தோல்வி ஒரே தொகை. ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடி வென்றமையால் டிற்றோயிற்றுக்கு .551; பொஸ்ரனுக்கு .548. அந்த ஓர் ஆட்டத்தைப் பொஸ்ரன் ஆடி வென்றிருப்பின் இரண்டும் சமநிலையில் நின்றிருக்கும். ஆடாத ஆட்டம் ஒன்றே பிரிவின் முதலிடத்தைத் தீர்த்தது. பொஸ்ரன் மக்கள் இதனை எளிதில் மறந்திலர் என்பதில் வியப்பில்லை.

மூன்றாவது முடிவு இடையே நுழையுமாயின் நிலைமை மேலும் சிக்கலாகும். இதற்கு 1932ஆம் ஆண்டின் அமெரிக்க உதைபந்தாட்டப் பருவத்தினும் சிறந்த எடுத்துக்காட்டு யான் கண்டதில்லை. (நம் நாட்டில் உதைபந்தாட்டம் எனப்படுவது வேறு, ஈண்டுக் கூறப்படுவது கையிற் பந்தேந்தி ஓடும் அவர்களது ஆட்டம்.) அக்காலத்தில் வெற்றி வீதம் மிக்க அணியே வாகையர். சமநிலை ஆட்டங்கள் கணக்கிற் சேர்க்கப்படாமல் நீக்கப்பட்டன. சிக்காகோ பெயர்ஸ் அணி 6 வென்று 1 தோற்று 6 ஆட்டங்களைச் சமநிலையில் முடித்தது. போட்ஸ்மத் ஸ்பார்ட்டன்ஸ் அணி 6 வென்று 1 தோற்று 4 ஆட்டங்களைச் சமநிலையில் முடித்தது. கிறீன் பே பக்கர்ஸ் அணியோ 10 வென்று 3 தோற்று 1 ஆட்டத்தைச் சமநிலையில் முடித்தது. சமநிலைகளை நீக்கிய கணக்கில் முன்னிரு அணிகளுக்கும் ஏழில் ஆறு, அதாவது .857. பத்து ஆட்டங்கள் வென்ற பக்கர்ஸுக்குப் பதின்மூன்றிற் பத்து, அதாவது .769.

முதலிரு அணிகளும் சமமாக நின்றமையால் அவற்றிடையே மேலும் ஓர் ஆட்டம் கூரைக்குட்பட்ட அரங்கிலே நடைபெற்றது. பெயர்ஸ் 9க்கு 0 என வென்று வாகை சூடியது. அவ்வாட்டமும் வீதக் கணக்கிற் சேர்க்கப்பட்டமையால், தோற்ற ஸ்பார்ட்டன்ஸ் 6 வெற்றி 2 தோல்வி என .750க்கு இறங்கி மூன்றாமிடம் சென்றது. முதலிடத்துக்காக ஆடிய அணி இரண்டாமிடத்தையும் இழந்த விந்தை இது.

இனி, சமநிலையை அரை வெற்றியாகவும் அரைத் தோல்வியாகவும் கொண்டு அப்பருவத்தை மீளக் கணித்துப் பார்ப்போம். மேலதிக ஆட்டத்துக்கு முன்னர் பக்கர்ஸ் பதினான்கிற் பத்தரை: .750. ஸ்பார்ட்டன்ஸ் பதினொன்றில் எட்டு: .727. பெயர்ஸ் பதின்மூன்றில் ஒன்பது: .692. நிரை முற்றாகத் தலைகீழாகின்றது. ஆட்டக்காரர் ஒருவரும் ஓர் அடி கூடுதலாக ஓடவில்லை. ஒரு பந்தும் வேறு திசையிற் செல்லவில்லை. பகுதியெண் பற்றிய விதி ஒன்று மாறியது, வாகையர் மாறினர். அவ்விளையாட்டினர் 1972ஆம் ஆண்டு தொடக்கம் அரைக்கணக்கை ஏற்றுக்கொண்டனர். பக்கர்ஸுக்கு அது நாற்பது ஆண்டு பிந்திய நீதி.

நமக்கு நெருக்கமான கிரிக்கெற் ஆட்டத்துக்கு வருவோம். ரெஸ்ற் போட்டிகளில் முடிவு காணாத ஆட்டம் விதிவிலக்கன்று. அவ்வாட்டத்தின் இயல்போடு ஒன்றியது. ரெஸ்ற் அணித்தலைவர்களின் வீதத்தை உரைக்கும்போது வெற்றிகளை எல்லா ஆட்டங்களாலும் வகுப்பதே பெருவழக்கு. இதன்படி அர்ச்சுன ரணதுங்க 56 ஆட்டங்களில் 12 வென்று 19 தோற்று 25 ஆட்டங்களை முடிவின்றி விட்டவர், வீதம் 21.4. சுனில் கவாஸ்கர் 47 ஆட்டங்களில் 9 வென்று 8 தோற்று 30 ஆட்டங்களை முடிவின்றி விட்டவர், வீதம் 19.1. ரணதுங்க முன்னிற்கின்றார். முடிவுகண்ட ஆட்டங்களை மட்டும் எடுத்தால் கவாஸ்கருக்குப் பதினேழில் ஒன்பது, 52.9, ரணதுங்கவுக்கு முப்பத்தொன்றிற் பன்னிரண்டு, 38.7. அரைக்கணக்கிலும் கவாஸ்கர் 51.1, ரணதுங்க 43.75. ஒரு விதியில் முந்தியவர் ஏனைய இரு விதிகளிலும் பிந்துகின்றார்.

ஒருநாள் ஆட்டங்களின் கணக்கு வேறு. அங்கே முடிவற்ற ஆட்டங்கள் பகுதியெண்ணிலிருந்து நீக்கப்படும். சமநிலை அரை வெற்றியாகும். ரணதுங்க தலைமை தாங்கிய 193 ஒருநாள் ஆட்டங்களில் 89 வெற்றி, 95 தோல்வி, 1 சமநிலை, 8 முடிவற்றவை. எட்டையும் நீக்க 185, அதில் எண்பத்தொன்பதரை, வீதம் ஏறத்தாழ 48.4. ஒரே மனிதரின் தலைமையை ஓரிடத்தில் முடிவற்றவற்றைச் சேர்த்தும் பிறிதோரிடத்தில் நீக்கியும் கணித்து, இரண்டுக்கும் 'வெற்றி வீதம்' என்னும் ஒரே பெயரை வழங்குகின்றனர். மழையால் நின்ற ஒருநாள் ஆட்டமும் ஐந்து நாள் பொருதும் முடியாத ரெஸ்ற் ஆட்டமும் ஒரே தன்மையன அல்ல என்பது உண்மையே. ஆயினும் விதி இரண்டென்பதை வாசகர்க்கு உணர்த்தும் அடிக்குறிப்பு ஒன்றேனும் வேண்டாவா? நிற்க. 1996இல் உலகக் கிண்ணத்தை இந்நாட்டுக்குக் கொணர்ந்த தலைவரின் ஒருநாள் வீதம் ஐம்பதுக்கும் குறைவு என்பதை மாணவர் மனங்கொள்ளுதல் நன்று.

முடிவற்ற ஆட்டத்தைச் சுழியமாக மதிப்பது சரியா என்னும் வினாவிற்குத் தமிழ்ப் புறத்திணை மரபு ஒரு விடை வைத்திருக்கின்றது. அரணை முற்றுகையிடுவோர்க்கு உழிஞை எனவும் அதனைக் காத்து நிற்போர்க்கு நொச்சி எனவும் இரு பூக்களைப் புறப்பொருள் வெண்பாமாலை வேறுபடுத்தியது. தொல்காப்பியர் இரண்டையும் உழிஞைக்குள் அடக்கினார். பின்னையோர் காப்போருக்குத் தனித்திணை வகுத்தனர். வாகை சூடியவன் மட்டுமே மறவன் என அவர்கள் கொண்டிலர். மதிலை விடாது நின்றவனும் பூச்சூடத் தக்கவனே. நமது நவீன வீதக் கணக்கில் நொச்சிக்கு இடமில்லை.

எல்லா நொச்சியும் ஒரு தரத்தன அல்ல என்பதையும் கூறுதல் வேண்டும். 1997 ஆகஸ்ட் மாதம் கொழும்பு பிரேமதாச அரங்கில் இலங்கை அணி இந்தியாவுக்கு எதிராக 6 விக்கெற் இழப்பிற்கு 952 ஓட்டங்கள் குவித்தது. சனத் ஜயசூரிய 340, ரொஷான் மகாநாம 225. ஆட்டம் முடிவின்றி நின்றது. பந்து வீச்சாளர்க்கு ஒன்றும் உதவாத ஆடுகளத்தில் வேறென்ன நிகழும்? 2021 சனவரியில் சிட்னியிலே, காயமுற்றோர் நிறைந்த இந்திய அணி அஜின்கியா ரகானேயின் தலைமையில் நான்காம் இன்னிங்ஸில் 131 ஓவர்கள் நின்று, 5 விக்கெற் இழப்பிற்கு 334 ஓட்டங்களுடன் ஆட்டத்தை முடிவின்றிக் காத்தது. இறுதியில் அசுவினும் விகாரியும் 42 ஓவர்களுக்கு மேல் பிரியாது நின்றனர். அடுத்த ஆட்டத்தில் பிரிஸ்பேனில் இந்தியா வென்று தொடரையும் கைப்பற்றியது. கொழும்பின் அந்த ஆட்டமும் சிட்னியின் இந்த ஆட்டமும் வீதக் கணக்கில் ஒரே சுழியம்.

இவ்விடத்தில், இப்பொருளை யான் எழுதத் துணிந்தமைக்குக் காரணமான ஒன்றைச் சுருக்கமாகக் கூறிச் செல்கின்றேன். முன்பு யான் கற்பித்த பாடசாலை ஒன்றில் (பெயர் ஈண்டு வேண்டா) வர்ண விருதுக்குரிய அணித்தலைவரைத் தெரிவதற்கு வெற்றி வீதமே அளவுகோல் என விளையாட்டுக் குழு தீர்மானித்தது. ஓராண்டின் தலைவன் ஒன்பது ஆட்டங்களில் 2 வென்று 1 தோற்று 6 ஆட்டங்களை முடிவின்றி விட்டிருந்தான், வீதம் 22. மறுஆண்டின் தலைவன் ஒன்பதில் 4 வென்று 5 தோற்றிருந்தான், வீதம் 44. முன்னவனுக்கு விருதில்லை, பின்னவனுக்கு உண்டு. முன்னவனது அணி ஆடியது இரண்டு நாள் ஆட்டங்கள். பின்னவனது அணி ஆடியவற்றுட் பெரும்பாலானவை ஓவர் வரையறுக்கப்பட்ட ஒருநாள் ஆட்டங்கள். அங்கே முடிவு வந்தே தீரும். இவ்வேறுபாட்டைக் குழுவில் எடுத்துரைத்தபோது, "கணக்குக் கணக்குத்தான் சேர்" என்பதே விடையாய் வந்தது. பின்னவன் விருதுக்குத் தகாதவன் என்று யான் சொல்லேன். அவனும் நல்ல பிள்ளை. ஆனால் ஆறு ஆட்டங்களில் தன் பாடசாலையைத் தோல்வியினின்று காத்த ஒருவனது ஓராண்டு உழைப்பு அன்று ஓர் எண்ணின் பகுதிக்குள் மறைந்தது.

எதிராளி யார் என்பதை வீதம் கூறாது என்பது அடுத்த குறை. மைக் பிறியர்லி இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கிய 31 ரெஸ்ற் ஆட்டங்களில் 18 வென்று 4 மட்டுமே தோற்றார்; வீதம் 58.1. கிளைவ் லொயிட் மேற்கிந்தியத் தீவுகளுக்குத் தலைமை தாங்கிய 74 ஆட்டங்களில் 36 வென்று 12 தோற்றார், வீதம் 48.6. மூன்று விதிகளில் எதனைக் கொண்டாலும் பிறியர்லியே முன்னிற்பார். ஆனாற் பிறியர்லி தலைவராக ஒரு ரெஸ்ற் ஆட்டத்திலேனும் லொயிட்டின் மேற்கிந்திய அணியை எதிர்கொண்டாரல்லர். 1978-79இல் அவுஸ்திரேலியாவை 5க்கு 1 என வென்றபோது அந்நாட்டின் முன்னணி வீரர் பலர் கெரி பக்கரின் தனித்தொடரிற் சேர்ந்திருந்தனர். அவர்கள் மீண்டு வந்த அடுத்த பருவத்தில் அதே மண்ணில் 3க்கு 0 எனத் தோல்வி. பிறியர்லியின் பெருமையை இது குறைப்பதாகாது. 1981இல் இடைநடுவே தலைமையேற்று ஹெடிங்லியில் அவர் நிகழ்த்தியதை யார் மறப்பர்? லொயிட்டினும் அவர் பத்துப் புள்ளி சிறந்தவர் என்று கூறுவோர் அப்பத்தும் எவரிடமிருந்து பெறப்பட்டன என்று கேளாதவர் என்பதே என் கருத்து.

எங்கு, எப்பொழுது என்பனவும் அவ்வாறே. ரணதுங்கவின் 21.4ஐ அவர் காலத்து வரலாற்றோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். இலங்கை ரெஸ்ற் தகுதி பெற்றது 1981இல். முதல் ரெஸ்ற் ஆடியது 1982இல். முதல் வெற்றி 1985இல் துலிப் மென்டிஸ் தலைமையில். 1987 ஏப்பிரல் முதல் 1992 ஆகஸ்ட் வரை நாட்டின் நிலைமையால் இம்மண்ணில் ஒரு ரெஸ்ற் ஆட்டமும் நடைபெறவில்லை. ரணதுங்க 1989இல் தலைமையேற்றார்; முதல் மூன்றாண்டு அவருக்குச் சொந்தக் களமே இல்லை. வெளிநாட்டிலே முதல் வெற்றி 1995இல் நியூசிலாந்தில் நேப்பியர் நகரில் அவர் தலைமையில் வந்தது. 1998இல் ஓவலில் முத்தையா முரளிதரன் 16 விக்கெற்றுகள் வீழ்த்த, இங்கிலாந்தை அதன் மண்ணில் முதன்முறையாக ரெஸ்ற்றில் வென்றதும் அவர் தலைமையிலேயே. அப்பயணத்துக்கும் இங்கிலாந்து ஒதுக்கியது ஒரே ஒரு ரெஸ்ற் ஆட்டம். இவையெல்லாம் 21.4 என்னும் எண்ணுக்குள் எங்கே உள்ளன?

வெற்றியின் அளவையும் வீதம் கூறாது. 1992 ஆகஸ்ட்டில் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் இலங்கை முதல் இன்னிங்ஸில் அவுஸ்திரேலியாவினும் 291 ஓட்டங்கள் முன்னின்று, இறுதியில் 16 ஓட்டங்களால் தோற்றது. இன்னிங்ஸாலும் நூற்றுக்கணக்கான ஓட்டங்களாலும் தோற்ற ஆட்டமும் இதுவும் பதிவேட்டில் ஒரே 'தோல்வி'. இக்குறையை நீக்க முயன்றவருள் அமெரிக்கரான பில் ஜேம்ஸ் குறிப்பிடத்தக்கவர். பேஸ்போலில் ஓர் அணி எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்தவற்றின் வர்க்கமும் கொடுத்தவற்றின் வர்க்கமும் கூடிய தொகையால் வகுத்தால் அவ்வணிக்கு உரிய வெற்றி வீதம் ஏறத்தாழ வரும் என்றார் அவர். வடிவொப்புமையால் இதற்குப் பைதகரஸின் பெயர் சூட்டப்பட்டது. செங்கோண முக்கோணத்துக்கும் இதற்கும் வேறு உறவில்லை. மேற்கூறிய 2001ஆம் ஆண்டின் சியாற்றில் அணி 927 ஓட்டங்கள் எடுத்து 627 கொடுத்தது. சூத்திரம் தரும் வீதம் .686, அதாவது 162 ஆட்டங்களில் 111 வெற்றி. உண்மையில் வென்றவை 116. ஐந்து வெற்றிகள் ஓட்டக் கணக்குக்கு மேற்பட்டவை. நெருக்கமான ஆட்டங்கள் பல அவ்வணிப்பக்கம் சாய்ந்தன போலும். அவ்வாண்டு இறுதிச் சுற்றுகளில் அவ்வணி நியூ யோர்க் யங்கீஸிடம் தோற்று வெளியேறியது.

ஆட்டத்தொகை சிறிதாயின் வீதத்தை நம்புதல் அரிது. ரகானே இந்தியாவுக்குத் தலைமை தாங்கிய ரெஸ்ற் ஆட்டங்கள் 6, வென்றவை 4, தோல்வி இல்லை, வீதம் 66.7. விராட் கோலி தலைமை தாங்கியவை 68, வென்றவை 40, வீதம் 58.8. முடிவுகண்டவற்றை மட்டும் எண்ணினால் ரகானேக்கு நூற்றுக்கு நூறு. இத்தகைய இடங்களுக்குப் பிரெஞ்சுக் கணித அறிஞர் லப்லாஸ் கூறிய வழியொன்று உண்டு: வெற்றியோடு ஒன்றையும் ஆட்டத்தொகையோடு இரண்டையும் கூட்டி வகுத்தல். ரகானேக்கு எட்டில் ஐந்து, 62.5. கோலிக்கு எழுபதில் நாற்பத்தொன்று, 58.6. சிறு தொகையில் நின்றவர் நான்கு புள்ளி இறங்குகின்றார். பெருந்தொகையில் நின்றவர் அசைந்திலர். இன்னுமொரு பருமட்டான விதி: வீதம் ஐம்பதையொட்டி நிற்குமாயின், ஐம்பதை ஆட்டத்தொகையின் வர்க்கமூலத்தால் வகுத்து வருவது அவ்வீதத்தின் இயல்பான தளம்பல். நூறு ஆட்டங்களுக்கு ஐந்து புள்ளி. நம் பாடசாலைத் தலைவன் ஆடும் ஒன்பது ஆட்டங்களுக்குப் பதினாறு புள்ளிக்கு மேல். ஓர் ஆட்டத்தின் முடிவு மாறினாலே அவனது வீதம் பதினொரு புள்ளி ஏறி இறங்குமன்றோ? தசமதானம் வரை அவ்வீதத்தை அச்சிடும் மலர்க்குழுவினர் இதனைச் சற்றே சிந்திக்கலாம்.

வீதங்களைக் கூட்டிச் சராசரி காண்பது மாணவர் இயல்பாகச் செய்யும் பிழை. ஆசிரியரும் அதற்கு விலக்கல்லர். இரு வீதங்களின் பகுதியெண்கள் வேறாயின் அவற்றின் சராசரி ஒன்றையும் குறிக்காது. இதனினும் வியப்பான ஒன்றுண்டு. பேஸ்போல் வீரரான டேவிட் ஜஸ்ரிஸ் 1995இல் 411 முறை அடிக்க முயன்று 104 முறை வென்றார், .253, டெரெக் ஜீற்றர் 48இல் 12,.250. 1996இல் ஜஸ்ரிஸ் 140இல் 45, .321, ஜீற்றர் 582இல் 183,.314. ஈராண்டுகளிலும் ஜஸ்ரிஸே மேல். ஈராண்டையும் சேர்த்தால் ஜஸ்ரிஸ் 551இல் 149, .270, ஜீற்றர் 630இல் 195,.310. ஆண்டுதோறும் தோற்றவர் மொத்தத்தில் வென்றுவிட்டார். மாயமொன்றுமில்லை, இருவரும் நன்கு ஆடியது 1996இல். அந்நல்லாண்டில் ஜீற்றர் மிகுதியாகவும் ஜஸ்ரிஸ் குறைவாகவும் ஆடினர். சொந்தக் களத்தில் மிகுதியாக ஆடும் அணித்தலைவரின் மொத்த வீதம் உயர்ந்து காணப்படுவதும் இவ்வாறே.

இவ்வளவும் கூறியபின், எண்களே வேண்டா என்பார் கட்சியில் யான் சேர்ந்துவிட்டேன் என்று கொள்ளற்க. ரெஸ்ற் உலகவாகையர் தொடரின் வரலாற்றைப் பார்ப்போம். 2019இல் அது தொடங்கியபோது ஒவ்வொரு தொடருக்கும் 120 புள்ளி என வகுத்தனர். இரண்டு ஆட்டத் தொடரில் ஒரு வெற்றிக்கு 60 புள்ளி. ஐந்து ஆட்டத் தொடரில் 24 புள்ளி. பெருந்தொற்றினால் தொடர்கள் கைவிடப்படவே, 2020 நவம்பரில், பெற்ற புள்ளியைப் பெறக்கூடிய புள்ளியால் வகுத்த வீதத்தால் நிரைப்படுத்துவதென முடிவாயிற்று. இந்தியா 720இல் 520, 72.2. நியூசிலாந்து 600இல் 420, 70.0. அவுஸ்திரேலியா 480இல் 332, 69.2. மெல்பேணில் ஓவர்களை மெதுவாக வீசியமைக்காக அவுஸ்திரேலியா இழந்த 4 புள்ளிகள் இருந்திருப்பின் 336. அதுவும் சரியாக 70.0. விக்கெற்றுக்குரிய ஓட்ட விகிதத்தால் அவ்வணியே இறுதியாட்டம் சென்றிருக்கும். சென்றது நியூசிலாந்து, 2021 யூனில் வென்றதும் அதுவே.

அடுத்த சுற்றிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 12 புள்ளி என்றாயிற்று. 2023-25 சுற்றில் தென்னாபிரிக்கா 12 ஆட்டங்களே ஆடியது; 8 வெற்றி, 3 தோல்வி, 1 முடிவின்மை; 144இல் 100, அதாவது 69.44. அவுஸ்திரேலியா 19 ஆட்டங்களில் 13 வென்று 4 தோற்றது. தண்டமாக இழந்த 10 புள்ளிகளின் பின் 67.54. இங்கிலாந்து 22 ஆட்டங்கள் ஆடி 11 வென்றது, 43.18. தென்னாபிரிக்கா அச்சுற்றில் அவுஸ்திரேலியாவையோ இங்கிலாந்தையோ சந்திக்கவேயில்லை. எளிய பாதையால் ஏறிய வீதம் என்று பலர் இகழ்ந்தனர். வீதத்தின் குறை பற்றி இக்கட்டுரையிற் கூறியவை யாவும் அவர்கள் பக்கமே நின்றன. 2025 யூனில் லோட்ஸ் மைதானத்தில் இரு அணிகளும் எதிர்நின்றன. தென்னாபிரிக்கா 5 விக்கெற்றுகளால் வென்றது. ஓர் ஆட்டம் ஒன்றையும் நிறுவாது என்று கணக்கறிந்தோர் கூறுவர், அது சரியே. இகழ்ந்தோர் கூற்றை நிறுவியதாகவும் ஆகாது.

ஆகவே நம் மலர்க்குழுவினர்க்கு யான் வேண்டுவது சிறிதே. வீதத்தை அச்சிடுக, தடையில்லை. ஆனால் ஆடியவை, வென்றவை, தோற்றவை, முடிவற்றவை என நான்கு நிரல்களை அதன்முன் அமைத்து, இரண்டு நாள் ஆட்டங்களையும் வரையறுத்த ஓவர் ஆட்டங்களையும் வேறு வேறாக நிறுத்துக. முடிவற்ற இரண்டு நாள் ஆட்டங்களில் முதல் இன்னிங்ஸ் முன்னிலை யாருக்கு என்பதையும் ஒரு நிரலிற் குறிக்கலாம். ஓட்டப் பதிவேடுகளில் அது உள்ளதே. தாள் சற்றே கூடும், விளம்பரம் ஒன்று குறையும்.

அவ்வாறு அமைத்த பின்னும் நிரல்கள் மௌனமாகும் இடங்கள் உண்டு. ரெஸ்ற் ஆட்டங்களில் இலங்கைக்குத் தலைமை தாங்கிய சனத் ஜயசூரிய 38 ஆடி 18 வென்று 12 தோற்று 8 ஆட்டங்களை முடிவின்றி விட்டார். மகேல ஜயவர்த்தன 38 ஆடி 18 வென்று 12 தோற்று 8 ஆட்டங்களை முடிவின்றி விட்டார். எந்த விதியைக் கொண்டு கணித்தாலும் இருவர்க்கும் ஒரே விடை. இவருள் எவர் சிறந்த தலைவர் என்று மேல்வகுப்பு மாணவரைக் கேட்டுப் பாருங்கள். அரைமணி நேரம் வகுப்பு அடங்காது.